இது புதிய ஈஸ்ட் சிற்றினமா? மரபணு ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூந்தேன், மரப்பட்டை, மண், பூச்சியின் குடல் என்று ஏதோ ஓர் இடத்திலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்திருக்கிறீர்கள். டிஎன்ஏ வரிசை கைக்கு வந்துவிட்டது. தரவுத்தளத்தில் தேடினால் எதனோடும் சரியாகப் பொருந்தவில்லை. "அப்படியென்றால் இது புதுசா?" என்ற கேள்வி அந்த நிமிடமே வந்துவிடும். அதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாமே ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்.

ஈஸ்ட் என்பது பூஞ்சைகளில் ஒரு தனிக் குடும்பமா?

இல்லை. ஒற்றைச் செல்லாக வாழ்ந்து, பெரும்பாலும் மொட்டு விட்டுப் பெருகும் பூஞ்சைகளை நாம் பொதுவாக ஈஸ்ட் என்கிறோம். அந்த வாழ்முறை பூஞ்சைகளின் வரலாற்றில் பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ரொட்டி ஈஸ்ட்டான சாக்கரோமைசெஸ் செரிவிசியே அஸ்கோமைகோட்டா பிரிவைச் சேர்ந்தது. கிரிப்டோகாக்கஸ், ரோடோடோருலா, நம் தோலில் வாழும் மலசீசியா ஆகியவை பசிடியோமைகோட்டா. காளான்கள் இருக்கும் பக்கம். பிளந்து பெருகும் ஸ்கிசோசாக்கரோமைசெஸ் பாம்பே அஸ்கோமைகோட்டாவுக்குள்ளேயே இருந்தாலும் ரொட்டி ஈஸ்ட்டுக்கு வெகுதூரத்து உறவுதான். உங்கள் ஈஸ்ட் இதில் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால், யாரோடு ஒப்பிட வேண்டும் என்பதில் குழப்பம் வராது.

நுண்ணோக்கியும் சர்க்கரைச் சோதனைகளும் போதாதா?

பல பத்தாண்டுகள் அவற்றை வைத்துத்தான் வேலை நடந்தது. செல்லின் வடிவம், ஸ்போர் எப்படி இருக்கிறது, எந்தச் சர்க்கரையை நொதிக்க வைக்கிறது, எந்த நைட்ரஜன் மூலத்தில் வளர்கிறது என்று நீண்ட அட்டவணை போடுவார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரு சர்க்கரையைப் பயன்படுத்தும் திறன் ஓரிரு மரபணுக்கள் போனாலே போய்விடும். ஒரே சிற்றினத்தின் இரண்டு ஸ்ட்ரெய்ன்கள், அதாவது தனித்தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்த வழிகள், வேறு வேறு முடிவு தரலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சிற்றினங்கள் ஒரே முடிவையும் தரலாம்.

இதன் விலை என்ன என்பதைக் கேண்டிடா ஆரிஸ் காட்டியது. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் வெளிக்காதிலிருந்து எடுத்த ஈஸ்ட்டை ரைபோசோம் (செல்லில் புரதம் தயாரிக்கும் அமைப்பு) டிஎன்ஏ வரிசையை வைத்துப் புதிய சிற்றினமாக விவரித்தார்கள். ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. மருத்துவமனைகளில் இருந்த வழக்கமான உயிர்வேதியியல் கருவிகள் இதைக் கேண்டிடா ஹேமுலோனி என்றும் வேறு சில பெயர்களிலும் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தன. பல மருந்துகளுக்கு அடங்காமல் வார்டுக்குள் பரவக்கூடிய ஒரு பூஞ்சை, வேறு பெயரில் ஒளிந்திருந்தது. தென்கொரியாவில் 1996-ல் சேகரித்து வைத்திருந்த ஒரு மாதிரியும் இதே ஈஸ்ட்தான் என்பது பின்னால் வரிசையைப் படித்தபோதுதான் தெரிந்தது. வகைப்பாடு நோயாளியின் படுக்கை வரை போகும் விஷயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்த மரபணுப் பகுதியை முதலில் படிக்க வேண்டும்?

இரண்டு பகுதிகள். ஒன்று, ரைபோசோமின் பெரிய துணையலகுக்கான 26எஸ் மரபணுவில் உள்ள டி1/டி2 பகுதி. ஏறக்குறைய 600 எழுத்து நீளம் (டிஎன்ஏவின் ஒவ்வோர் அலகும் ஓர் எழுத்து). இன்னொன்று, ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே இருக்கும் ஐடிஎஸ் பகுதி. இதன் நீளம் சிற்றினத்துக்குச் சிற்றினம் நிறைய மாறும்.

இவற்றைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. ரைபோசோம் இல்லாத உயிரினம் கிடையாது. அதனால் இந்த மரபணு எல்லா ஈஸ்ட்டிலும் உண்டு, எல்லாவற்றையும் ஒப்பிடலாம். செல்லுக்குள் இது அடுத்தடுத்து நூறு, நூற்றைம்பது பிரதிகளாக இருப்பதால் பிசிஆரில், அதாவது டிஎன்ஏ துண்டைப் பல நகலாக்கும் முறையில், சுலபமாகப் பெருகும். சில இடங்கள் மாறாமல் நிற்கும், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான ப்ரைமர் அங்கே ஒட்டும். சில இடங்கள் வேகமாக மாறும், அங்கே சிற்றினங்கள் பிரியும்.

1998-ல் கர்ட்ஸ்மனும் ராப்னெட்டும் சுமார் 500 அஸ்கோமைசீட் ஈஸ்ட்டுகளின் டி1/டி2 வரிசையை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். 2000-ல் ஃபெல் குழுவினர் பசிடியோமைசீட் ஈஸ்ட்டுகளுக்கு அதையே செய்தார்கள். இந்த இரண்டுக்கும் பிறகு, ஓரளவு வசதியுள்ள எந்த ஆய்வகமும் ஒரு ஈஸ்ட்டுக்குச் சில நாளில் பெயர் சொல்ல முடிந்தது. 2012-ல் பூஞ்சைகள் அனைத்துக்குமான பொது பார்கோடாக, அதாவது சிற்றினத்தை அடையாளம் காட்டும் குறுகிய வரிசையாக, ஐடிஎஸ் முன்மொழியப்பட்டது. ஈஸ்ட்டுக்கு நான் இரண்டையும் சேர்த்தே படிக்கச் சொல்வேன். ஒன்று பிரிக்கத் தவறுவதை மற்றொன்று பல நேரம் பிரித்துவிடும்.

ஆய்வகத்தில் வேலை எப்படி நடக்கும்?

முதலில் தூய கல்ச்சர், அதாவது ஒரே ஈஸ்ட் மட்டும் வளரும் வளர்ப்பு. ஒரு காலனியை எடுத்துக் கோடிட்டு, அதிலிருந்து ஒற்றைக் காலனி எடுத்து மறுபடி கோடிட்டு, இரண்டு மூன்று முறையாவது இதைச் செய்ய வேண்டும். அப்புறம் டிஎன்ஏ பிரித்தல், பிசிஆர், ஜெல்லில் ஒற்றைப் பட்டை வந்திருக்கிறதா என்று பார்த்தல், இரு திசையிலும் சாங்கர் முறையில் வரிசை படித்தல். டி1/டி2-க்கு என்எல்1, என்எல்4 ப்ரைமர்கள். ஐடிஎஸ்ஸுக்கு ஐடிஎஸ்1, ஐடிஎஸ்4.

வரிசைக் கோப்பு வந்ததும் எழுத்துகளை மட்டும் நகலெடுத்துத் தேடாதீர்கள். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சிகரமாகக் காட்டும் சிகர வரைபடத்தைத் திறந்து பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வாசிப்பு மோசமாக இருக்கும். அதை வெட்டியாக வேண்டும். ஆரம்ப காலத்தில் நான் அதைச் செய்யாமல், 94% மட்டுமே பொருந்துகிறது என்று ஒரு வாரம் முழுக்கப் புதிய சிற்றினக் கனவில் இருந்தேன். முனைகளை வெட்டிவிட்டுத் தேடியபோது, நன்கு தெரிந்த ஒரு ஈஸ்ட்டோடு அது அப்படியே பொருந்தியது. அன்றிலிருந்து வரைபடத்தைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நான் யாரிடமும் சொல்வதில்லை.

பிளாஸ்ட் தேடலில் 97% வந்தது. புதிய சிற்றினம்தானே?

இருக்கலாம். ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. முதலில், எதனோடு 97% என்று பாருங்கள். பிளாஸ்ட் என்பது உங்கள் வரிசையைத் தரவுத்தள வரிசைகளோடு ஒப்பிடும் நிரல். அது வழக்கமாகத் தேடும் ஜீன்பேங்க் பொதுத் தரவுத்தளம். யார் என்ன பெயரில் பதிவேற்றினார்களோ அந்தப் பெயரில் வரிசை இருக்கும். தவறான பெயரோடு இருப்பவை நிறைய. தேடலை மூலமாதிரி வரிசைகளுக்கு மட்டும் சுருக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மூலமாதிரி என்பது ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாக வைக்கப்பட்ட ஸ்ட்ரெய்ன். ஒப்பீடு அதனோடு நடந்தால்தான் அர்த்தம் உண்டு.

அடுத்து, வரிசையின் எவ்வளவு பகுதி ஒப்பிடப்பட்டது என்று பாருங்கள். 600 எழுத்தில் 250 மட்டும் பொருத்திவிட்டு 97% என்றால் அந்த எண் எதையும் சொல்லவில்லை. சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கல்ச்சரில் இரண்டு ஈஸ்ட் கலந்திருக்கலாம். இதெல்லாம் சரியாக இருந்தும் 97% நிற்கிறது என்றால், மகிழ்ச்சியோடு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

எத்தனை எழுத்து வேறுபட்டால் புதிய சிற்றினம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 1998-ன் அந்த ஆய்விலிருந்து வந்த கைவிதி இப்படி: டி1/டி2-ல் மூன்று எழுத்து வரை வேறுபட்டால் பெரும்பாலும் ஒரே சிற்றினம், ஆறோ அதற்கு மேலோ, அதாவது 1% அளவுக்கு வேறுபட்டால் பெரும்பாலும் வேறு சிற்றினம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருக்கும் சிபிஎஸ் என்ற பூஞ்சைச் சேகரிப்பின் ஆயிரக்கணக்கான ஸ்ட்ரெய்ன்களை வைத்து 2016-ல் வெளியான கணக்கு, சிற்றின எல்லையை ஐடிஎஸ்ஸில் 98.41%, பெரிய துணையலகு மரபணுவில் 99.51% என்று குறித்தது.

இரண்டிலுமே "பெரும்பாலும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளாவிஸ்போரா லூசிடானியேயின் ஸ்ட்ரெய்ன்கள் டி1/டி2-ல் இந்த எல்லையைத் தாண்டி வேறுபட்டும் தங்களுக்குள் இணைகின்றன. கைவிதியை அப்படியே போட்டால் ஒரு சிற்றினத்தைப் பல துண்டாக உடைத்துவிடுவோம். மெட்ஷ்னிகோவியா என்ற பேரினத்தின் புல்கெரிமா கூட்டத்தில் சிக்கல் இன்னும் ஆழம். பொதுவாக ஒரு செல்லில் உள்ள ரைபோசோம் மரபணுப் பிரதிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இந்தக் கூட்டத்தில் அப்படி இல்லை. ஒரே செல்லின் பிரதிகளே தங்களுக்குள் வேறுபடுகின்றன. நீங்கள் படித்த வரிசை எந்தப் பிரதியின் வரிசை என்றே சொல்ல முடியாது. அங்கே வரிசையை நம்பி வைத்த பல பெயர்கள் 2022-ல் ஒன்றாக இணைக்கப்பட்டன.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே டி1/டி2 வரிசை வைத்திருந்தும் ஒன்றல்லாத ஈஸ்ட்டுகள் இருக்கின்றன. சாக்கரோமைசெஸ் பேரினத்தில் இதைப் பார்க்கலாம். ஆக, எல்லை எண்ணை ஒரு சந்தேகத்தைத் தொடங்கிவைக்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்வது என் வழக்கம். தீர்ப்புக்கு அது போதாது.

ரைபோசோம் தவிர வேறு எந்த மரபணுக்களைப் பார்ப்பது?

டிஇஎஃப்1, ஆர்பிபி1, ஆர்பிபி2, ஆக்டின் ஆகியவை வழக்கமானவை. மைட்டோகாண்ட்ரியாவின் காக்ஸ்2-ஐயும் சிலர் சேர்ப்பார்கள். இங்கே எத்தனை மரபணு என்பதைவிட, அவை ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதே முக்கியம். ஒரே சிற்றினத்துக்குள் மரபணுக்கள் இணைசேர்தலில் கலந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு மரபணுவின் மரமும் (அதன் வரிசைகளை வைத்து வரையும் உறவு வரைபடம்) ஸ்ட்ரெய்ன்களை வேறு வேறு விதமாக அடுக்கும். கலப்பு நின்றுபோய் வெகுகாலம் ஆன இரண்டு கூட்டங்களை எல்லா மரபணுவும் ஒரே இடத்தில் பிரிக்கும். அந்த ஒத்துப்போகும் கோட்டைத்தான் சிற்றின எல்லை என்கிறோம். இணைசேர்வதையே நேரில் பார்க்காத ஈஸ்ட்டுகளுக்கும் இது பயன்படுவது இந்த முறையின் அழகு.

2005-ல் கேண்டிடா பாராப்சிலோசிஸ் மூன்று சிற்றினங்களாகப் பிரிந்தது பல மரபணுக்களின் வரிசையை ஒப்பிட்டதால்தான். ஆர்த்தோப்சிலோசிஸ், மெட்டாப்சிலோசிஸ் என்ற இரண்டும் அதுவரை ஒரே பெயருக்குள் அடங்கியிருந்தன.

மரபுவழி மரம் வரையும்போது எதில் தவறு நடக்கிறது?

உறவினர்களைத் தேர்ந்தெடுப்பதில். தேடலில் முதலில் வந்த பத்து வரிசைகளை மட்டும் எடுத்து மரம் வரைந்தால், நெருங்கிய சகோதரச் சிற்றினம் வெளியே நின்றுவிடலாம். அந்தக் கிளையில் இதுவரை விவரிக்கப்பட்ட எல்லாச் சிற்றினங்களின் மூலமாதிரி வரிசைகளும் மரத்தில் இருக்க வேண்டும். வேரைக் காட்ட ஒரு வெளிக்குழுவும், அதாவது அந்தக் கிளைக்கு வெளியே இருக்கும் ஓர் உறவினரும், வேண்டும். கிளைகளை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் பூட்ஸ்ட்ராப் ஆதரவு குறைவாக இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். 45% கிளையை வைத்து உறவு சொல்லாதீர்கள்.

முழு மரபணுத் தொகுதியையே படித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

நிறையத் தீரும். ரொட்டி ஈஸ்ட்டின் தொகுதியை, அதாவது அதன் மொத்த டிஎன்ஏவை, படிப்பது 1996-ல் முடிந்தபோது, 16 குரோமோசோம், சுமார் 1.2 கோடி எழுத்து என்பது பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து இழுத்த தேர். இன்று அது ஒரு மாணவரின் ஆய்வேட்டில் ஒரு சிறு பகுதி. 2024-ல் வெளியான ஒரே ஆய்வில், ரொட்டி ஈஸ்ட்டும் கேண்டிடாவும் அடங்கும் சாக்கரோமைக்கோட்டினா பிரிவின் ஏறக்குறைய எல்லாச் சிற்றினங்களையும் சேர்த்து 1,154 தொகுதிகள் ஒப்பிடப்பட்டன.

முன்பெல்லாம் இரண்டு ஈஸ்ட்டின் டிஎன்ஏவைச் சூடாக்கிப் பிரித்து, கலந்து, எவ்வளவு ஒட்டுகிறது என்று அளப்பார்கள். 80%-க்கு மேல் ஒட்டினால் ஒரே சிற்றினம். கடினமான, ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் அளவீடு அது. இப்போது இரு தொகுதிகளின் சராசரி எழுத்து ஒற்றுமையைக் கணினியிலேயே கணக்கிடுகிறோம், ஏஎன்ஐ என்பார்கள். 95% என்ற எல்லை பாக்டீரியாவிலிருந்து வந்தது. ஈஸ்ட்டிலும் பலர் அதன் பக்கத்தில்தான் கோடு போடுகிறார்கள்.

பிரிப்பதற்கு மட்டுமல்ல, சேர்ப்பதற்கும் இது உதவும். நோய்க்கிருமியாக அறியப்பட்ட கேண்டிடா குருசேயி, உணவு நொதித்தலில் பயன்படும் பிச்சியா குட்ரியவ்செவியை, இசாட்சென்கியா ஓரியன்டாலிஸ், கிளிசரால் தயாரிக்கும் கேண்டிடா கிளிசரினோஜீன்ஸ் என்ற நான்கு பெயர்களின் தொகுதிகளும் 99.6% ஒன்று என்று 2018-ல் காட்டப்பட்டது. நான்கும் ஒரே சிற்றினம். மருத்துவமனையில் எச்சரிக்கை, தொழிற்சாலையில் வரவேற்பு என்று ஒரே உயிரை இரண்டு விதமாக நடத்தியிருக்கிறார்கள்.

கலப்பின ஈஸ்ட்டுகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒற்றை மரபணுவில் மாட்டாது. லாகர் பீர் ஈஸ்ட்டான சாக்கரோமைசெஸ் பாஸ்டோரியானஸில் இரண்டு தொகுதிகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு பாதி செரிவிசியே. மறுபாதியின் பெற்றோர் யார் என்று வெகுகாலம் தெரியவில்லை. 2011-ல் பட்டகோனியாவின் நோத்தோஃபேகஸ் காடுகளில், அந்த மரங்களில் வளரும் பூஞ்சை முடிச்சுகளிலிருந்து சாக்கரோமைசெஸ் யூபயானஸ் கிடைத்தது. லாகர் ஈஸ்ட்டின் மறுபாதியோடு அதன் தொகுதி 99.5% பொருந்தியது. சாக்கரோமைசெஸ் பயானஸ் என்ற பழைய பெயருக்குச் சொந்தமானதும் யூபயானஸும் சாக்கரோமைசெஸ் யுவாரம் என்ற இன்னொரு சிற்றினமும் கலந்த ஒன்றுதான் என்று அப்புறம் தெளிவானது.

உங்கள் தொகுதி எதிர்பார்த்ததைப் போல இரு மடங்கு பெரிதாக இருந்தாலோ, பல மரபணுக்களில் இரண்டு வேறுபட்ட பிரதிகள் தெரிந்தாலோ, புதிய சிற்றினம் என்று எழுதும் முன் கலப்பினமா என்று பாருங்கள்.

ஒரே ஒரு ஸ்ட்ரெய்ன்தான் இருக்கிறது. விவரிக்கலாமா?

விதி தடுக்காது. ஆனாலும் இன்னும் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே ஸ்ட்ரெய்னை வைத்து, சிற்றினத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று சொல்ல வழியில்லை. நீங்கள் பார்க்கும் ஏழு எழுத்து வேறுபாடு, ஏற்கெனவே தெரிந்த ஒரு சிற்றினத்தின் ஓரத்தில் இருக்கும் ஸ்ட்ரெய்னாகவும் இருக்கலாம். வேறு பருவத்தில், வேறு இடத்தில், அதே வகை மரத்திலோ பூச்சியிலோ இன்னும் இரண்டு மூன்று கிடைத்தால் உங்கள் விவரிப்பின் பலம் பல மடங்கு கூடும்.

புதிய பேரினம் எப்போது தேவைப்படும்?

உங்கள் ஈஸ்ட் எந்தப் பேரினத்தின் மூலச் சிற்றினத்தோடும் (அந்தப் பேரினப் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட சிற்றினம்) ஒரே கிளையில் உறுதியாகச் சேராதபோது. இதற்கு ஓரிரு மரபணு போதாது. தொகுதி அளவிலான மரம் வேண்டும். பேரினப் பெயர்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குக் கேண்டிடாவே சாட்சி. பாலினப் பெருக்கம் தெரியாத ஈஸ்ட்டுகளை எல்லாம் பல காலம் அந்தப் பெயரில் போட்டுவைத்தார்கள். கேண்டிடா கிளாப்ராட்டா, கேண்டிடா அல்பிகன்ஸைவிட ரொட்டி ஈஸ்ட்டுக்குத்தான் நெருக்கம். இப்போது அது நாக்கசியோமைசெஸ். கேண்டிடா ஆரிஸும் 2024-ல் கேண்டிடோசைமா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

பெயர் வைக்க என்ன விதிகள்?

பாசிகள், பூஞ்சைகள், தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு ஈஸ்ட்டுக்கும் பொருந்தும். விவரிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். 2011 முடியும் வரை லத்தீன் கட்டாயமாக இருந்தது. 2013 ஜனவரி 1 முதல் மைக்கோபேங்க் போன்ற அங்கீகரிக்கப்பட்ட பதிவகத்தில் எண் வாங்காத பெயர் செல்லாது. பாலின நிலைக்கு ஒரு பெயர், பாலினமற்ற நிலைக்கு இன்னொரு பெயர் என்ற பழைய வழக்கமும் அதே நேரத்தில் முடிந்தது.

மூலமாதிரியை வளர்சிதை மாற்றம் நின்ற நிலையில், அதாவது உறையவைத்தோ உறைஉலர்த்தியோ, ஒரு சேகரிப்பில் வைத்து, அப்படி வைத்திருப்பதைக் கட்டுரையிலேயே எழுத வேண்டும். உயிருள்ள கல்ச்சரை குறைந்தது இரண்டு நாடுகளின் சேகரிப்புகளில் ஒப்படைத்துவிடுங்கள். ஒரு குளிர்பெட்டி பழுதானால் ஒரு சிற்றினத்தின் ஒரே ஆதாரம் போய்விடக் கூடாது.

வளர்க்கவே முடியாத, வரிசை மட்டும் கிடைத்த ஈஸ்ட்டுக்குப் பெயர் வைக்கலாமா?

முடியாது. மண்ணிலிருந்து மொத்தமாகப் படித்த டிஎன்ஏவில் இதுவரை பார்க்காத ஈஸ்ட் வரிசைகள் வந்தாலும், விதிப்படி வரிசை மட்டும் மூலமாதிரி ஆகாது. எங்கே போய் வளர்ப்பு முயற்சி செய்யலாம் என்பதை அந்த வரிசைகள் காட்டும்.

மரபணு எல்லாம் பார்த்த பிறகும் உடலியல் சோதனைகள் தேவையா?

தேவை. எந்த வெப்பநிலை வரை வளர்கிறது, எதை உண்கிறது, ஸ்போர் போடுகிறதா என்பதெல்லாம் அந்த உயிரைப் பற்றிய செய்தி. மரத்தில் அதன் இடத்தை மட்டும் சொன்னால் உயிரைச் சொன்னதாகாது. 37 டிகிரியில் வளர்வது தெரிந்தால் மருத்துவர்கள் கவனிப்பார்கள். மரபணுத் தொகுதியும் இங்கே கை கொடுக்கும்: ஒரு சர்க்கரையில் வளரவில்லை என்றால் அதற்கான மரபணு இருக்கிறதா என்று உடனே பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: கேண்டிடா அல்பிகன்ஸின் கூட்டத்தில் சியுஜி என்ற மூன்றெழுத்து மரபுக் குறியீடு லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரினைக் குறிக்கிறது. பாக்கிசோலன் டானோஃபிலஸ் என்ற ஈஸ்ட்டில் அதுவே அலனினைக் குறிக்கிறது. தொகுதியிலிருந்து புரதங்களை ஊகிக்கும் முன் உங்கள் ஈஸ்ட் எந்த அகராதியைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் விவரித்த சிற்றினம் பின்னால் தவறு என்று தெரிந்தால்?

பெயர் பழைய பெயர் ஒன்றின் மறுபெயராக மாறும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; கையிலிருந்த ஸ்ட்ரெய்ன்களை வைத்து நேர்மையாகச் சொன்ன கருத்து, கூடுதல் ஸ்ட்ரெய்ன்கள் வந்ததும் திருத்தப்படுகிறது. திருத்த வருபவருக்கு உங்களிடமிருந்து மூன்று வேண்டும்: சேகரிப்பில் உயிரோடிருக்கும் கல்ச்சர், ஜீன்பேங்கில் இருக்கும் வெட்டிச் சரிபார்த்த வரிசை, எங்கே எப்போது எதிலிருந்து எடுத்தீர்கள் என்ற குறிப்பு. மூன்றையும் கட்டுரை அனுப்பும் நாளிலேயே முடித்துவிடுங்கள்.